எறும்புக்குப் பக்தி கிடையாது

என் பெண்ணுக்குச் சர்க்கரை வியாதி என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எறும்பு. அப்போது அவளுக்கு மூன்று வயது. ஓயாமல் தண்ணீர் கேட்டாள், அரை மணிக்கு ஒரு தரம் கொல்லைக்கு ஓடினாள், கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. கண் பட்டிருக்கும் என்று நான் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். பால் ஊற்ற வருகிற அம்மாள்தான் ஒரு நாள் காலை அளவுச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லையையே பார்த்தாள்.

"பாப்பா ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்ச்சிக்கினு கீது, பாத்தியாமா? எங்க நைனாவுக்கும் இப்டித்தான் ஆச்சு. சும்மா இருக்காத, பட்டணத்துக்கு இட்டுக்கினு போ" என்றாள்.

அன்றைக்கே ரயிலேறினோம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பினோம். இது அறுபதுகளின் கடைசியில். பால் மணம் மாறாத குழந்தைக்குச் சர்க்கரை வியாதி என்று திருவள்ளூரில் யாரிடம் சொன்னாலும், நான் காதில் பூ சுற்றுகிறேன் என்பதுபோலப் பார்த்தார்கள். மிட்டாய் நிறையக் கொடுத்துவிட்டேனா என்று விசாரிக்காதவர் பாக்கியில்லை. முதல் பத்துப் பேருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னேன். அடுத்து வந்த மாமியிடம், ஆமாம், மூட்டை மூட்டையாகக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அதை அவர் நம்பியும்விட்டார்.

என் அகத்துக்காரருக்குப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம். நாள் தவறாமல் சர்க்கரைப் பொங்கல் கிண்டுகிறவர். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வேட்டியிலிருந்து குடுமி வரை நெய்யும் வெல்லமும் மணக்கும். பெண் அவர் முழங்கையை மோந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் நக்கியும் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு போட்டேன். பெருமாளுக்குத் தளிகை பண்ணிவிட்டு வருகிறவனைத் தீட்டுக்காரன் மாதிரி நிறுத்துகிறாளே என்று முனகினார். ஆனாலும் குளித்தார்.

ஊருக்குப் புறப்படும்போது டாக்டர் என்னிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஊசி மருந்தை நிறுத்தினால் குழந்தை தங்காது என்பது ஒன்று. அந்த மருந்து மாட்டின் வயிற்றுக்குள்ளிருந்து எடுப்பது என்பது இன்னொன்று. முதலாவதை அகத்துக்காரரிடம் சொன்னேன். இரண்டாவதை விழுங்கிவிட்டேன். அவராகக் கேட்டபோது, சீமையில் விளைகிற ஒரு கிழங்கு என்றேன். மருந்துக் குப்பியைச் சூடு படாமல் இருக்க ஈர மணல் நிரப்பின சட்டியில் நான் புதைத்து வைப்பதைப் பார்த்து, கிழங்கென்றால் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று அவரே தலையாட்டினார்.

காலையில் எங்கள் வீட்டில் ஓர் அடுப்பில் காபிக்குத் தண்ணீரும் இன்னோர் அடுப்பில் கண்ணாடி ஊசியும் கொதிக்கும். அதற்கு முன்னால் பரீட்சை. பெண் ஒரு சொட்டை விழுந்த அலுமினியக் கிண்ணத்தில் மூத்திரம் பிடித்துக் கொண்டுவந்து தருவாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் எக்கச்சக்கம். நிறத்தைப் பார்த்து ஊசி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். எங்களுக்கு வாய்த்ததெல்லாம் செங்கல்தான். அந்த வருஷம் வந்த செங்கலுக்கு ஒரு மச்சு வீடே கட்டியிருக்கலாம்.

செங்கல் வந்தால் எனக்கு அழுகை வரும். சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் துடைத்துக்கொள்வேன். குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைப்பு.

எங்கள் ஊர்ப் பெருமாளே வைத்தியர். எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வந்து கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி வியாதியும் கரையும் என்பது நம்பிக்கை. குளத்தங்கரையில் இருந்துகொண்டு நாமே இன்னும் கரைக்கவில்லையே என்று அகத்துக்காரருக்கு உறுத்தல். பெண்ணுக்கு நாலரை வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அமாவாசையில் மூன்று பேருமாகப் போனோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெல்லக்கட்டிகளை ஒவ்வொன்றாக விட்டார். பெண் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டி முழுகும்போதும் எச்சிலை விழுங்கினாள். மீனுக்கெல்லாம் சர்க்கரை வியாதி வராதா என்று கேட்டாள். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றார் அவர். அப்படியானால் என்னையும் பார்த்துக்கொள்வாரே, ஒரு கட்டி கொடு என்றாள். வாதத்தில் ஓட்டையே இல்லை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, கொதிக்கக் கொதிக்கக் குழாய் நீலமாகவே நின்றது. அது மட்டும் இல்லை. ஆவி கிளம்பினபோது கமகமவென்று பச்சைக் கற்பூர வாசனை. அதற்குள் இழையோடினாற்போல ஏலக்காய். அகத்துக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஸ்பிரிட் விளக்குக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பெற்ற பெண்ணின் மூத்திரத்தை விழுந்து சேவித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

நானும் கையைக் கூப்பினேன். மறைப்பானேன், ஒன்றரை வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பெண்ணைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினேன். மருந்தைக் கொஞ்சம் குறைத்தேன். செவ்வாயும் நீலம், புதனும் நீலம், வியாழனும் நீலம். நாலு நாளும் கற்பூர வாசனை. மருந்து பாதியாகிவிட்டது.

கோயிலில் செய்தி பரவிவிட்டது. இன்னமும் ஊசி குத்துவது பெருமாளைச் சந்தேகப்படுவதாகும் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். வெள்ளிக்கிழமையிலிருந்து ஊசியை நிறுத்திவிடலாம் என்றார் அகத்துக்காரர். அன்றைக்கு வீட்டில் வெல்லமும் பாலுமாய் அக்காரவடிசல் பண்ணி, முதல் கரண்டி பெண்ணுக்கு. டாக்டர் சொன்னது என் காதிலேயே இருந்தது. பச்சைக் கற்பூரம் மூக்கில் இருந்தது. ராத்திரி அரிசியையும் ஊறவைத்தேன், ஊசிப் பாத்திரத்தையும் தேய்த்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சாணி தெளிக்கக் கொல்லைக்குப் போனேன். குழந்தை ஒன்றுக்குப் போகிற மாதுளைச் செடியடியில் எறும்பு. சாரை சாரையாக, கருட சேவைக்குக் கூட்டம் வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. வியாதி தீர்ந்த விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எறும்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டு நாளாகக் குழந்தை மறுபடி தண்ணீர் தண்ணீர் என்று பறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இன்னொன்றும் உறைத்தது. அவள் கொடுக்கிற கிண்ணம் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இந்த நாலு நாளும் சில்லென்று இருந்தது. மருந்தைப் பாதியாக்கினது என் கை.

பெண் எழுந்து வருகிற சத்தம் கேட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாதுளைச் செடியடியில் குந்தினாள். கிண்ணம் பக்கத்தில் சும்மா கிடந்தது. அப்புறம் அதை எடுத்துக்கொண்டு நேரே பெருமாள் அலமாரிக்குப் போனாள். அங்கே, அகத்துக்காரர் தினமும் கோயிலிலிருந்து கொண்டுவருகிற தீர்த்தச் செம்பு இருந்தது. பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் போட்ட தீர்த்தம். சின்ன உத்தரணிக் கரண்டியால் மூன்று தரம் மொண்டு கிண்ணத்தில் விட்டாள். உத்தரணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே வைத்தாள். இவ்வளவு ஆசாரமாக ஒரு திருட்டை நான் பார்த்ததில்லை. நாலு நாளாக வீட்டுத் தீர்த்தத்தையே கொதிக்கவைத்து மோந்து பார்த்து மெய்சிலிர்த்திருக்கிறோம்.

நான் கிண்ணத்தை வாங்கி ஒரு குழாயில் கொதிக்கவைத்தேன். அகத்துக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். பிறகு பெண்ணை மறுபடி கொல்லைக்கு அழைத்துப்போய், வேறு கிண்ணத்தில் நானே பிடித்து வந்து இரண்டாவது குழாயில் விட்டேன். ஒன்று நீலம், ஒன்று செங்கல். இரண்டையும் அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். நீலக் குழாயை ஒரு தரம் மோந்து பார்த்தார். அக்காரவடிசலுக்கு ஊறவைத்திருந்த அரிசியை ஓரமாக நகர்த்திவிட்டு, ஊசிப் பாத்திரத்தை அவரே அடுப்பில் ஏற்றினார்.

"கிழங்கு மருந்தை எடு" என்றார்.

பழைய அளவுக்கு மருந்தை ஏற்றிப் போட்டேன். அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. பெண்ணைத் தரதரவென்று இழுத்து நிறுத்தி, அக்காரவடிசலுக்குத்தானே இந்த வேலை பண்ணினாய் என்று கையை ஓங்கினேன். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"செவப்பு வந்தா நீ அந்தண்டை திரும்பிண்டு அழறே. நீலம் வந்தா சிரிக்கறே" என்றாள். "தீர்த்தம் பட்டா எல்லாம் சரியாப் போய்டும்னு அப்பாதானே சொன்னா."

ஓங்கின கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாலு நாளில் குழந்தையைப் பறிகொடுக்க இருந்தேன், அதுவும் என் மூஞ்சியின் லட்சணத்தால். அவளைக் கட்டிக்கொண்டு அழக்கூட முடியவில்லை. அழுதால் மறுபடி செம்பைத் தேடுவாளோ என்று பயமாக இருந்தது.

அன்று முதல் தீர்த்தச் செம்பு பரண் மேல் போயிற்று. நான் செங்கலுக்குச் சிரிக்கப் பழகினேன். கண்ணாடி முன்னால் நின்று பழகினதைப் பார்த்து அகத்துக்காரர் பயந்து, எனக்கும் ஒரு வேண்டுதல் வைக்கலாமா என்று கேட்டார். மறு வாரம் ஒரு நாள் காலை குழாய் நன்றாகச் சுட்ட செங்கலாக நின்றது. நான் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தேன். பெண் குழாயைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். சிரித்த வாயில் விரலை வைத்தாள்.

"இது தீர்த்தம்" என்றாள்.

குழாயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.