அத்தை சொல்லித்தந்த ஜனாதிபதி

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, குடியரசு தினத்தன்று எங்கள் சர்ச் சபையில் பேச்சுப்போட்டி வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் சுதந்திரப் போராட்டத் தலைவர்களைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். எனக்கு அத்தை தேர்ந்தெடுத்துத் தந்தது பார்படோஸ் என்ற கரீபியன் தீவின் முதல் ஜனாதிபதியை. அந்தத் தீவு குடியரசாகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கொஞ்சகாலம் டீச்சராக இருந்துவிட்டு, பாறசாலையில் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தாள். வேலையை விட்டுவிட்டு வக்கீலுக்குப் படிக்கப்போவதாக அவள் சொன்னதிலிருந்து அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்பூரியில் ரப்பர் தோட்டமுள்ள ஒரு வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்.

சாயங்காலமானால் அப்பா டிவி பார்க்கும் அறையில்தான் அத்தை என்னைப் பேசவைப்பாள். "சத்தமா பறயணும் மக்கா. கடைசி பெஞ்சுக்கும் கேக்கணும்."

அந்த ஜனாதிபதி அம்மா முதலில் பள்ளிக்கூட டீச்சர். பிறகு வங்கி கிளார்க். அப்புறம் சட்டம் படித்து மாஜிஸ்திரேட், தூதர், நீதிபதி என்று ஏறி, இங்கிலாந்து ராணியின் பிரதிநிதியானார். கடைசியில் ராணி இருந்த இடத்துக்கே வந்துவிட்டார். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். அத்தை என் சத்தத்தைக் கூட்டுவாள்.

போட்டியன்று அப்பா முன்வரிசையில் போதகருக்குப் பக்கத்தில் இருந்தார். "பிறகு வங்கியில் கிளார்க்காக இருந்தார்" என்பதுவரை நன்றாகத்தான் வந்தேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அதையே திரும்பச் சொன்னேன். மறுபடியும் சொன்னபோது பின்னால் சிரித்தார்கள். அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"பொறவு வேலைய விட்டுட்டு வக்கீலுக்குப் படிச்சா! சொல்லு மக்கா!"

ஹால் முழுக்கக் கேட்டது. பின்பெஞ்சில் அத்தை எழுந்து நின்றாள். "அண்ணன் சொன்னா சரியாக்கும்."

சபையே சிரித்தது. போதகர் அப்பாவின் முதுகில் தட்டி, "அப்போ தங்கச்சிய எந்தக் காலேஜில சேக்கப்போறீரு?" என்று கேட்டார்.

எனக்குப் பரிசு கிடைக்கவில்லை.  வீட்டு கேட்டைத் திறக்கும்போது அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஹாஸ்டல் ஒண்ணும் வேண்டாம். டெய்லி டிரெயின்ல போயிட்டு வந்தா போதும்."

பேச்சை மறந்ததற்காக என்னை எங்கோ தூரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறார் என்று நினைத்து நான் அழத் தொடங்கினேன். அத்தை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். என்னைப் பிரிய முடியாமல்தான் அழுகிறாள் என்று நினைத்து, நான் இன்னும் சத்தமாக அழுதேன்.