பேரை மூன்று தடவை சொன்ன பெட்டி

பெல்மதுளைச் சந்தியில் முதன்முதலாக இன்டர்நெட் கடை போட்டவன் நான்தான். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ரப்பர் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துச் சாக்கு சுமந்தவன். தொண்ணூறுகளில் டெலிபோன் கூண்டு வைத்து வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுத்தேன். பிறகு மலை மேல் கம்பம் நட்டு, சுற்றியிருந்த தொழிற்சாலைகளுக்கும் மாணிக்கக்கல் வியாபாரிகளின் கடைகளுக்கும் இன்டர்நெட் கொடுக்கும் அளவுக்கு வந்தேன். கொழும்பில் கோட்டுப் போட்டவர்கள் இந்தத் தொழிலை நடத்தினார்கள். நான் சாரம் கட்டிக்கொண்டு நடத்தினேன்.

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று இரத்தினபுரிப் பக்கத்துக் கம்பனியின் கம்பி. மழைக்கு மரம் விழுந்தால் அது அறுந்துபோகும். அதனால் எம்பிலிப்பிட்டியப் பக்கம் இன்னொரு கம்பனியிடம் இரண்டாவது வழி வாங்கினேன். இரண்டையும் ரவுட்டர் என்கிற பெட்டியில் சேர்த்துவிட்டவர், எங்கள் ஊரிலேயே பிறந்து கொழும்பில் படித்து வந்த ஒரு முஸ்லிம் இளைஞர். நான் அவரை எஞ்சினியர் தம்பி என்பேன், அவர் என்னை முதலாளி என்பார். அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே தினமும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

எந்த வழியாக அனுப்புவது என்று பெட்டி எப்படி முடிவு செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன். பி.ஜி.பி. என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது என்றார். ஒவ்வொரு கம்பனியின் பெட்டியும் பக்கத்துப் பெட்டிக்கு, என் வழியாக வந்தால் இன்ன இடத்துக்குப் போகலாம் என்று சொல்லிவைக்கும். கேட்ட பெட்டி தன் பேரையும் சேர்த்து அடுத்ததற்குச் சொல்லும். வந்த சேதியில் தன் பேரே இருந்தால், சுற்றிக்கொண்டு தன்னிடமே வந்துவிட்டது என்று தள்ளிவிடும். இப்படி ஒரே இடத்துக்கு நம் பெட்டிக்கு இரண்டு வழி தெரியவரும். எதில் பேர் குறைவோ அதை எடுத்துக்கொள்ளும்.

எனக்கு அது உடனே பிடித்துப்போனது. தோட்டத்திலும் அப்படித்தான். லயத்தில் ஒருவர் இறந்துபோனால் மற்றத் தோட்டங்களுக்கு ஆள் போய்ச் சொல்வார்கள். வந்தவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, உங்களுக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்பதுதான். நேராக வந்த சேதி என்றால் அப்படியே புறப்படுவோம். பல வாய் மாறி வந்ததென்றால் இன்னொரு தரம் விசாரிப்போம்.

“பெட்டி நம்ம ஆளுதான் தம்பி. அது போக்குல விடுங்க” என்றேன்.

எம்பிலிப்பிட்டிய வழியில் பேர் குறைவு. பெட்டி அதையே எடுத்துக்கொண்டது.

அந்த நாளில் என் கடைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவர் ஒருவர் இருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர். எத்தனை தரம் குளித்தாலும் அவர் மேல் ஒட்டுப்பால் வாசம் அடிக்கும். இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் எனக்கு அந்தக் கடைதான் நினைவுக்கு வருகிறது. அவருடைய மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை பகலில் மட்டும் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் பேச அவளை விடுவார்கள். மற்ற நாட்களில் அவளைப் பிடிக்க முடியாது.

அவளுடைய வேலைத் தவணை முடியப்போகிற நேரம் அது. அவள் வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை. அன்று அவருக்கு ஹெட்செட் சரியாக மாட்ட வரவில்லை, ஸ்பீக்கரில் விட்டேன். அதனால் எனக்கும் கேட்டது.

“மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. ஏங்க, நான் வந்துரவா?”

அவர் அந்த நொடியே வா என்றார். நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் லைன் தாமதித்ததில், அந்தக் குரல் போய்ச் சேருவதற்குள் அங்கே அவள் காத்திருந்து பார்த்துவிட்டாள்.

“யோசிக்கிறீங்க. பரவாயில்ல, இருந்துட்டே வாறேன்.”

அதற்குள் இவருடைய வா அங்கே போய்ச் சேர, இருவரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்தினார்கள். அப்புறம் அவர் எத்தனை வா சொன்னாலும், தன் மனசு நோகக் கூடாதென்று சொல்வதாகத்தான் அவளுக்குப் பட்டது. அடுத்த வெள்ளி பேசிவிட்டு மேடத்திடம் முடிவைச் சொல்லப்போவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. “நான் உடனேதானே சொன்னேன்ணே? நீங்க பாத்தீங்கதானே?”

பார்த்தேன் என்றேன். அடுத்த வெள்ளிக்கு லைனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

எஞ்சினியர் தம்பி வந்து பார்த்தார். எம்பிலிப்பிட்டியக் கம்பனி எல்லாவற்றையும் வானத்துக்கு ஏற்றி, சாட்டலைட்டில் முட்டித் திரும்ப இறக்குகிறதாம். இரத்தினபுரி வழியில் பேர் அதிகம், ஆனால் முழுக்கக் கம்பி, கடலுக்கடியிலும் கம்பி.

“பெட்டிக்குப் பேரை எண்ண மட்டும்தான் தெரியும் முதலாளி. ஒரு பேருக்குள்ள எவ்வளவு தூரம் ஈக்கிண்டு தெரியாது.”

எம்பிலிப்பிட்டிய வழியை ஒரேயடியாகக் கழற்றிவிடவும் முடியாது. மரம் விழுந்தால் அது ஒன்றுதான் துணை. ஆனால் பேரை எண்ணுவதற்கு முன்னால் பெட்டி பார்க்கிற விஷயம் ஒன்று இருக்கிறதாம். சொந்தக்காரன் எந்த வழியை விரும்புகிறான் என்பதுதான் அது. அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். இரத்தினபுரி வழியே என் விருப்பம் என்று பெட்டியில் எழுதினோம். துபாயிலிருந்த எஞ்சினியர் தம்பியின் மச்சானோடு பேசிப் பார்த்தோம். எங்கள் குரல் சட்டென்று போனது. மச்சானின் குரல் பழையபடி தாமதித்தே வந்தது.

“நம்ம பெட்டி நீங்க சொன்னதைக் கேக்கும். அங்கால உள்ள பெட்டிகளுக்கு நீங்க முதலாளி இல்லையே” என்றார் தம்பி.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். எம்பிலிப்பிட்டியப் பக்கம் அறிவிக்கும்போது மட்டும் எங்கள் பேரை மூன்று தடவை சொல்லி அனுப்புவது. அப்போது அந்த வழி நீளமாகத் தெரியும், மற்றப் பெட்டிகள் அதைவிட்டு இரத்தினபுரிப் பக்கமாக வரும்.

காசு மேசையில் இருந்த என் மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “சும்மா சும்மா சொந்தப் பேரையே சொல்லிக்கிட்டிருந்தா ஆளுங்க சுத்திக்கிட்டுத்தான் போவாங்கன்னு கல்யாணம் கட்டுன நாள்லேருந்து சொல்றேன். பெட்டிக்காவது வெளங்குச்சே.”

தம்பி சிரிப்பை அடக்கப் பிளேன்டீயைக் குடித்தார். மூன்று போதாவிட்டால் நாலு தடவை போடுங்கள் என்றேன். மூன்றே போதுமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மழை. எந்த மரமும் விழக்கூடாதே என்று வாசலில் நின்றேன். அவர் வந்து உட்கார்ந்தார், ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. இந்த முறை அவள் கேட்கவே இல்லை, முடிவோடு வந்திருந்தாள்.

“மேடத்துக்கிட்ட இருக்கிறேன்னே சொல்லிரலாம்னு...”

“வா” என்றார்.

அவள் சிரித்தாள். “சொல்லி முடிக்க விடுங்களேன்.”

“ஒண்ணும் சொல்ல வேணாம். நீ வா.”

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதை நான் கேட்கவில்லை, வெளியே போய்விட்டேன். உள்ளே சிரிப்பும் மூக்கு உறிஞ்சுகிற சத்தமுமாக இருந்தது.

அந்தப் பெட்டி இப்போது எங்கள் வீட்டு அலுமாரி மேல் இருக்கிறது. பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள், நான் கொடுப்பதாக இல்லை.

அன்று குவைத்திலிருந்து அவள் வந்து சேர்ந்த கையோடு, அவரும் அவளும் றம்புட்டான் பழக் கொத்தோடு கடைக்கு வந்தார்கள். அன்றும் மழை. இப்போதே பஸ்ஸுக்குப் போவோமா, மழை விட்டதும் போவோமா என்று அவள் கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அவள் ஒரு றம்புட்டானை உரித்துக்கொண்டு, அவசரமில்லாமல் காத்திருந்தாள்.