இடம் மாற்றி வைத்த ஏழு மணிகள்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாத வெயிலில், திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கருவேலங்காட்டுப் பொட்டலில் பழங்காலத்துத் தாழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் பெரிய பானைக்குள் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நானும் அங்கே கூலி வேலைக்குப் போனேன். தாழிக்குள் இருக்கும் மண்ணை அள்ளிச் சலித்து, கிடைப்பதைப் பையில் போட்டு, எந்தத் தாழி என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு 'அவ்வளவுதான்' என்று எதுவுமே கிடையாது. பஸ்ஸில் ஏறினால் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று தோன்றும். இறங்கினால் ஆட்டைக் கட்டினேனா என்று தோன்றும். இங்கே வந்த பிறகு, ஏதாவது காணாமல் போய் என்னைத் திருடி என்று சொல்லிவிட்டால் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அதனால் மண்ணை அள்ளும் முன் ஒன்று, சலித்த பின் ஒன்று என்று செல்லில் போட்டோ எடுத்துக்கொள்வேன். எங்கள் தெருவிலிருந்து கூட வந்த மதினி, "கல்யாண வீட்டுலகூட இம்புட்டு போட்டோ எடுக்க மாட்டாகடி" என்று சிரிப்பார்.

ஒன்றாம் தாழியில் எலும்புகளோடு முழ நீளத்துக்கு ஓர் இரும்புக் கத்தி கிடந்தது. இரண்டாம் தாழியில் எலும்பும் சின்னச் சின்னக் கலயங்களும். கத்திக்காரர் ஆம்பளை, கலயக்காரி பொம்பளை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் ஒன்றாம் தாழி மண்ணைச் சலித்தால் ஏழு சிவப்புக் கல்மணிகள்! பையில் போட்டுச் சீட்டு எழுதிய பிறகுதான் சந்தேகம் பிடித்துக்கொண்டது. சண்டைக்காரர் தாழியில் மணி எப்படி வரும்? நான்தான் ஆட்டை நினைத்துக்கொண்டே மண்ணை மாற்றி அள்ளியிருப்பேன். எல்லோரும் சாப்பிடப் போன நேரம், மணிகளை எடுத்து இரண்டாம் தாழியின் பையில் போட்டுவிட்டேன்.

மதியத்துக்கு மேல், தோண்டும் வேலையைப் பார்த்துக்கொண்ட மேடம் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "ரெண்டாம் தாழியிலயா மணி?" என்று நோட்டில் எழுதப் பேனாவைத் திறந்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"எழுதாதீக மேடம்! நான்தான் மாத்திப் போட்டேன். கத்தி வச்சிருக்க ஆம்பளைக்கு மணி எதுக்குன்னு..."

"ஆம்பளைன்னு யாருக்கா சொன்னா? நாமளா முடிவு பண்ணக் கூடாதுன்னுதான எலும்ப லேபுக்கு அனுப்புறோம். எது எதோட கெடந்துச்சுங்கிறது ஒண்ணுதான் நமக்குச் சாட்சி. அதக் கலைச்சிட்டீகளேக்கா."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேனாவை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேலை போனது என்று நினைத்தேன். அதைவிட, செத்தவர் ஒருவரின் பொருளை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோமே என்று அழுகை வந்தது.

மதினிதான், "அடியே, ஒன் கல்யாண ஆல்பத்தக் காட்டுடி!" என்றார். மேடம் செல்லை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றாம் தாழி மண்ணை அள்ளும் முன் எடுத்த படத்தில், கத்திப் பிடியை ஒட்டி இரண்டு சிவப்புப் புள்ளிகள். என் கண்ணில்கூடப் படாத மணிகள். மேடத்துக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

மதினிக்கு அதோடு விட மனசில்லை. "இவ வெறகு வெட்ட தெனமும் அருவாளோட வாரா. இவ வீட்டுக்காரரு கழுத்துல பழனிக்குப் போட்ட மணிமால கெடக்கு. ரெண்டு பேரையும் இந்தக் குழியில போட்டு மூடுனா, பின்னால தோண்டுறவுக இவள ஆம்பளைன்னும் அவரப் பொம்பளைன்னும்ல எழுதிட்டுப் போவாக!"

குழிக்குள் நின்றவர்கள் எல்லாம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மேடத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கு மட்டும், வீட்டுக்காரர் காதுக்கு இது போய்விடுமோ என்று கவலை. போய்விட்டது.

பல மாதம் கழித்து மேடம் போன் செய்தார். எலும்பு ரொம்பவும் உளுத்துப்போயிருந்ததால் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

"அப்ப என்ன மேடம் எழுதுனீக?"

"கத்தியும் ஏழு மணியும் இருந்துச்சு, யாருன்னு தெரியலன்னு எழுதிட்டோம்க்கா."

அவ்வளவு படித்தவர்கள் 'தெரியல' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்! கேஸ் அடுப்புக் கவலை இன்றைக்கும் என்னை விடவில்லை. ஆனால் யாரையாவது பார்த்த மாத்திரத்தில் இவர் இப்படித்தான் என்று மனசு சீட்டு எழுதத் தொடங்கினால், அந்த ஏழு மணிகள் ஞாபகத்துக்கு வந்து என் கையைப் பிடித்துவிடுகின்றன.