திரையில் வந்த பச்சை

வீட்டில் அவளுக்கு ஆமை என்று பெயர். வைத்தவன் தம்பி. கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பாள், அடுப்பை அணைத்தால் குனிந்து பார்ப்பாள், பார்க்காமல் அடுத்த அடி வைக்கமாட்டாள். அந்தக் குணத்துக்காகத்தான் அவளைத் தன் கம்பெனியில் வேலைக்கு வைத்துக்கொண்டான். வெளியே சொல்லிக்கொள்வது வேறு. "குழந்தை பிறந்தப்புறம் அக்கா சும்மாதானே இருந்தாங்க, கூப்பிட்டு உட்காரவெச்சேன்" என்பான். மாடியறையில் இரண்டு மேஜை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. கம்பெனி அவ்வளவுதான்.

அவர்கள் மென்பொருள் செய்துகொடுப்பது குளிர்பதனக் கிடங்குகளுக்கு. கிடங்கின் கம்ப்யூட்டரில் சர்வர் என்று ஒரு நிரல் சத்தமில்லாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அறையில் குளிர் குறைந்தால் சைரனை அலறவிடுவது அதன் வேலை. அதற்கென்று திரை கிடையாது, பட்டன் கிடையாது. பேசுவதானால் ஆமை எழுதிய லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு வழியாகத்தான் பேச வேண்டும். தொடங்கு, நில், சைரனை நிறுத்திவை, திரும்பப் போடு என்று கைக்கடக்கமாகச் சில ரூட்டீன்கள், வேலைக்கு ஒன்றாகச் சிறு நிரல்கள். கிடங்கு ஆட்களுக்கான தனித் திரையில் யாராவது பட்டனை அழுத்தினால் இவற்றில் ஒன்று ஓடிப்போய், அதே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சர்வரின் கதவைத் தட்டிக் கட்டளையைக் கொடுக்கும். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாது, பதில் வரும்வரை நிற்கும். செய்தேன் என்று சர்வர் சொன்னால்தான் திரையில் பச்சை. வாயே திறக்காவிட்டால் சிவப்பு. அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள்.

அன்று காலை தம்பி போனில் யாரிடமோ அடித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"சார், எங்க பக்கம் தப்பே கிடையாது. உங்க ஆள் பட்டனையே அழுத்தியிருக்க மாட்டாரு. சத்தியமா சொல்றேன்."

விஷயம் இதுதான். ஒரு கிடங்கில் அறையைக் கழுவுவதற்காகச் சைரனை நிறுத்திவைத்திருக்கிறார் அங்கே வேலை செய்பவர். வெயிலிலும் கழற்றாத ஜெர்கினால் அவருக்கு ஜெர்கின் என்றே பெயர். கழுவி முடித்ததும் திரும்பப் போட்டேன், பச்சை வந்தது, வீட்டுக்குப் போனேன் என்கிறார். அதற்குப் பிறகு குளிர் இயந்திரம் நின்றிருக்கிறது. சைரன் மூச்சுவிடவில்லை. ஒரு அறை ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது. இன்றோடு அவரை அனுப்பிவிடப் போகிறார்கள்.

ஆமை நிரலைத் திறந்து பார்த்தாள். பதிலுக்குக் காத்திருக்கும் வரிகளைக் காணவில்லை.

"டேய், யாருடா இதை எடுத்தது?"

"நான்தான். பட்டனை அழுத்தினா சக்கரம் சுத்திக்கிட்டே நிக்குது. டெமோவுல மானம் போச்சு. கட்டளை போய்ச் சேர்ந்துடுதுல்ல, அப்புறம் என்ன?"

"சேர்ந்தா செஞ்ச மாதிரியா? நீ இதோ வந்துட்டேன்னு சொன்னதை நம்பி அம்மா எத்தனை தடவை சோத்தைப் போட்டு ஆறவிட்டிருக்காங்க!"

"சர்வர் சிக்கி நிக்கிறது எப்பவோ ஒரு தடவைதான்க்கா."

"அந்த ஒரு தடவைக்குத்தான்டா அந்த வரி!"

தம்பி குரலைத் தாழ்த்தினான். "இப்போ ஒத்துக்கிட்டா கம்பெனி போச்சு. அந்தாளுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும். விடு."

அந்த 'விடு'தான் அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலிருந்து "அக்கா, அக்கா" என்று கேட்டது. திரும்பவில்லை.

கிடங்கு ஆபீசில் முதலாளி உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலி காலியாக இருந்தும் ஜெர்கின் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஆமை கிடங்குக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். சைரனை நிறுத்திவைத்தாள். பிறகு சர்வரை வேண்டுமென்றே சிக்கவைத்தாள்.

"சார், இப்போ இது யார் பேச்சையும் கேக்காது. சைரனைத் திரும்பப் போடுங்க. நீங்களே அழுத்துங்க."

முதலாளி அழுத்தினார். திரையில் பச்சை.

"குளிரை அளக்கிற இந்த சென்சாரை உள்ளங்கையில பிடிங்க. சூட்டுக்கு சைரன் அலறணும்."

பிடித்தார். பச்சை அப்படியே சிரித்தது. சைரன் வரவில்லை.

"உங்க தம்பி காலையில சத்தியம் பண்ணாரேம்மா?"

"அவன் சொன்னது பொய் சார். இவர் சொன்னதுதான் நிஜம்."

முதலாளி சென்சாரை மேஜைமேல் போட்டார். "இவருக்கு வேலை இருக்கு. உங்களுக்குத்தான் இல்லை. மொத்தத்தையும் கழட்டிக்கிட்டுப் போங்க."

வாசல்வரை ஜெர்கின் கூடவே வந்தார். முகத்தில் நன்றியின் சாயல்கூட இல்லை.

"அந்தப் பச்சையை வெச்சது யாரும்மா?"

"எழுதினது நான். கெடுத்தது என் தம்பி."

"என் பொண்ணு கேக்குறா, பட்டனை அழுத்தாம தூங்கிட்டியாப்பான்னு. பெத்த பொண்ணே நம்பலை. முதலாளிக்குப் பிடிச்சுக் காட்டிட்டீங்க. அவளுக்கு யாரு காட்டுவா?"

ஆமை தம்பியைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன், இவங்க வேலை இனி நமக்கு இல்லை. கிளம்பி கிடங்குக்கு வா. இவர் வீட்டுக்குப் போறோம். இவர் பொண்ணுகிட்ட நீ உன் வாயால சொல்லணும்."

"பைத்தியமாக்கா உனக்கு? வேலையும் போச்சு, இதுல ஊர்வலம் வேற போகணுமா?"

"மத்த கிடங்குக்கெல்லாம் அந்த வரிகளைத் திரும்பச் சேர்த்து இன்னிக்கே அனுப்பப்போறேன். உன்னைக் கேக்க மாட்டேன். ஆனா நாளைக்கு நான் அந்த மேஜையில உட்காரணும்னா, நீ வரணும்."

லைன் துண்டாயிற்று. ஜெர்கின் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். ஆமை வாசற்படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, அந்த வரிகளைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கினாள்.

கடைசியில் வண்டி வந்தது. தம்பி இறங்காமல், ஹெல்மெட்டோடு, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"கழட்டுடா," என்றாள் ஆமை. "முதல்ல இவருக்கு உன் மூஞ்சி தெரியட்டும்."