மீதி புதன்கிழமை

“இன்னைக்கு அஞ்சு பேரு தென் துருவத்துல போய் நின்னாங்க” என்று சொன்னபடியே அவர் என் அண்ணனின் இடது கையில் முதல் ஊசியை ஏற்றினார். முகம் சுளிக்க அண்ணனுக்கு மறந்துவிட்டது. “அதுக்கு முன்னாடி யாருமே போனதில்லையா?” என்று கேட்டான். “ஈ காக்கா போனதில்ல” என்று அவர் பதில் சொன்னபோது இரண்டாவது ஊசியும் ஏறியிருந்தது. குழாய்களில் ரத்தம் சிவப்பாக ஓடத் தொடங்கியது. பக்கத்துப் படுக்கையிலிருந்து ஒரு குரல் முனகியது: “துருவம், பனி, ஐஸ்னு பேசாதம்மா. நாக்கு வறண்டு போகுது.”

சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவு அது. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவை அறைக்கு மேலே, நீளமான ஒரே கூடம். வாரத்தில் மூன்று நாள் வந்து, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் மெஷினோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. அண்ணனுக்கு ஊசி போட்ட பெண், அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். குட்டையான உருவம், சத்தம் போடாத ரப்பர் செருப்பு, காதோரம் எப்போதும் செருகியிருக்கும் ஒரு பேனா. அவருடைய பெயரை அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘ரேடியோ’. வயதில் சிறியவர்களுக்கு ‘ரேடியோ அக்கா’.

வருஷம் முழுக்க அவர் ரேடியோ இல்லை. டிசம்பரில் பள்ளிக்கூட விடுமுறை நெருங்கியதும் ஒலிபரப்பு தொடங்கும். ஜனவரியில் பள்ளி திறக்கிற அன்று நின்றுவிடும். நிகழ்ச்சி நிரல் மாறுவதே இல்லை. முதலில் அந்தத் தேதியில் முன்பு எப்போதோ உலகத்தில் நடந்த ஒரு சங்கதி. அடுத்து ஒரு பொன்மொழி. அதன் பிறகு பாட்டு. மூன்றுக்கும் அவரே போட்ட சட்டதிட்டங்கள் உண்டு.

சங்கதியில் சாவு வரக்கூடாது, சண்டை வரக்கூடாது. இது கேட்பதற்குத்தான் சுலபம். “எந்தத் தேதியத் தொட்டாலும் எவனாவது எவனையாவது அடிச்சிருக்கான். இல்லாட்டி எவனாவது மண்டையப் போட்டிருக்கான். நம்ம ஆளுங்களுக்கு அது ஆகுமா?” என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். காலையில் பஸ்ஸில் நின்றபடியே போனில் தேடுவாராம். உருப்படியாக ஒன்று கிடைப்பதற்குள் இறங்குமிடம் தாண்டிப்போன நாட்களும் உண்டாம்.

பெரிய மனிதர்களின் பொன்மொழிகளில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. “அவங்கள்ளாம் நல்லா சாப்ட்டுட்டு சொன்னது.” அதனால் கூடத்தில் காதில் விழுவதையே பொறுக்கி வைத்துக்கொண்டு, பேச்சாளர்களின் குரலில் திருப்பிச் சொல்வார். மூன்றாம் படுக்கை லாரி டிரைவர் என்றைக்கோ சொன்னது, “பிரேக்கு பிடிக்காம போற வரைக்கும் எல்லாரும் நல்ல டிரைவர்தான்.” தரை துடைக்கும் பெண்மணி சொன்னது, “அழுதா தண்ணி கொறையும்னா நான் தினம் வந்து உங்கள அழ வச்சிருப்பேனே.” சொன்னவர் அங்கேயே படுத்திருந்தால், தன் வாக்கியம் மேற்கோளாகித் திரும்பி வருவதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து படுப்பார்.

பாட்டிலும் கட்டுப்பாடு. மழைப் பாட்டு கிடையாது. ஆறு, கடல், ஓடம் எதுவும் கூடாது. கேட்டால் தாகம் எடுக்குமாம். அப்படிக் கழித்த பிறகு மிஞ்சும் பாட்டுகள் எவ்வளவு குறைவு என்பதை அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். சோப்புப் பெட்டி அளவு ஸ்பீக்கர் ஒன்றை மருந்து வண்டியின் மேல்தட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டே போவார். எந்தப் படுக்கைக்கு அருகே வண்டி நிற்கிறதோ அங்கே பல்லவி, அடுத்ததில் சரணம். முழுப் பாட்டையும் கேட்ட நோயாளி ஒருவரும் இல்லை. பாட்டின் நடுவே ஏதாவது மெஷின் கூவினால் தலையைத் திருப்பாமலே, “எட்டாம் நம்பர். குழாய் மடங்கியிருக்கு” என்பார். சரியாக இருக்கும், சில நாள் ஒன்பதாம் நம்பராகவும் இருக்கும்.

மதியச் சாப்பாட்டைக் கொடுக்க அவர் கணவர் வருவார். தையல் கடை வைத்திருக்கிறார். தோளில் அளவு நாடாவோடே வந்துவிடுவார். ஒரு நாள் அவரிடம், “வீட்டிலும் இப்படித்தான் பேசுவார்களா?” என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “இவளா? வீட்ல உப்பு போதுமான்னு கேட்டாக்கூட தலையத்தான் ஆட்டுவா. இங்க இவள ரேடியோன்னு கூப்பிடறாங்கன்னு எம்பொண்ணுகிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா.”

பின் எதற்காக இந்தப் பேச்சு? அதுவும் ஏன் விடுமுறையில் மட்டும்? நேரில் கேட்டதற்கு, “லீவுல எல்லாருக்கும் போரடிக்கும்ல” என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது போதவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணன்தான் விளக்கினான்.

“நீ கவனிக்கலியா? எந்தக் கதையையும் அவங்க முடிக்கறதே இல்ல. தென் துருவத்துக்குப் போன அஞ்சு பேரும் திரும்பி வந்தாங்களான்னு கேட்டேன். அது புதன்கிழமைன்னுட்டாங்க.”

“போனில் தேடினால் தெரிந்துவிடுமே?”

“தேடினா அடுத்த ஊசி வலிக்கும்னு சொல்லியிருக்காங்க.”

விடுமுறை வந்தால் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். பழக்கூடை வரும், பயணம் வரும். ஒரு தடவை விட்டால் என்ன என்று நோயாளிகளுக்குத் தோன்றும். அப்படி விட்டவர்கள் நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் வருவார்கள். சிலர் வந்து சேர மாட்டார்கள். எச்சரித்தும் கெஞ்சியும் பார்த்துவிட்டுத்தான், சில வருஷங்களுக்கு முன் ரேடியோ பாதிக் கதை சொல்லும் வழிக்கு வந்தாராம். அந்த ஐந்து பேரும் பத்திரமாகத் திரும்பிய செய்தியைப் புதன்கிழமை அண்ணன் கேட்டுக்கொண்டபோது, படுக்கைகள் எல்லாவற்றிலும் ஆள் இருந்ததை நான் கவனித்தேன்.

இந்த வித்தை செல்லுபடியாகாத ஒரே ஆள் பக்கத்துப் படுக்கைப் பெரியவர். ஐஸ் என்று பேசாதே என்றவர். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை; ஒரே மகள் வெளிநாட்டில். மருந்துச் சீட்டில் ஒற்று விட்டுப்போயிருந்தால்கூடப் பேனா கேட்டு வாங்கித் திருத்திவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவார். ரேடியோவின் கதைகளை அவர் ரசித்ததாகவே தெரியாது. “போன வாரம் நாய் வண்டின்னே. இன்னைக்கு மாட்டு வண்டிங்கறே. எது சரி?” என்கிற வகையில்தான் அவர் பேச்சு இருக்கும். ரேடியோவும் சளைக்காமல், “ரெண்டும் வண்டிதானே ஐயா” என்பார். பெரியவருக்குக் காது மடல் சிவந்துவிடும்.

டிசம்பர் இருபத்தொன்று, திங்கட்கிழமை. உலகத்தின் முதல் குறுக்கெழுத்துப் புதிர் பத்திரிகையில் வந்த நாள் என்று ரேடியோ அறிவித்தார். பெரியவருக்கென்றே தேடிப் பிடித்தது போலிருந்தது. அவர் முகத்தில் ஒரு சின்ன ஆர்வம் எட்டிப் பார்த்து மறைந்தது. ஊசியைப் பிடுங்கிக் கட்டுப் போடும்போது பெரியவர் சொன்னார்: “புதன்கிழமை நான் வரல. பொண்ணு பேரப் பசங்களோட வந்திருக்கா. அன்னைக்கு எல்லாரும் கடற்கரைக்குப் போறோம். வெள்ளிக்கிழமை பாக்கலாம்.”

“புதன்கிழமைக்குப் பெரிய விஷயம் வச்சிருக்கேன் ஐயா. நம்ம கிட்னி சம்பந்தப்பட்டது.”

“போன்ல அனுப்பு. படிச்சுக்கறேன்.”

“ஒரு தடவ விட்டாலும் உங்களுக்குத் தாங்காது.”

“ஒரு நாளைக்குக் குடியா முழுகிடப் போகுது? ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்காம்மா.”

அதற்கு மேல் ரேடியோ வாதாடவில்லை. வாசல் வரை கூடவே போய், சட்டைக் கையை இறக்கி விட்டுவிட்டு வந்தார்.

புதன்கிழமை பக்கத்துப் படுக்கை காலியாகவே இருந்தது. ஆனால் அதன் மெஷினில் புதுக் குழாய்கள் மாட்டி, கழுவி, தயாராக வைத்திருந்தார். என் அண்ணனுக்கு ஊசி போடும்போது சங்கதி வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் இதே தேதியில்தான் ஒருவருடைய சிறுநீரகம் இன்னொருவருக்கு முதல்முறையாக வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டதாம். கொடுத்தவரும் வாங்கியவரும் இரட்டைப் பிறவிகள். “பொழச்சவரு அப்புறம் யாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு தெரியுமா? வெள்ளிக்கிழமை சொல்றேன்” என்றார். குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை. அன்று ஸ்பீக்கரை அவர் எடுக்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் பெரியவருக்குப் போன் செய்தார். போனைச் சத்தமாக ஒலிக்க விட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. “கெளம்பிட்டு... இருக்கோம்மா. வெள்ளிக்கிழமை... வரேன்னு... சொன்னேன்ல?” என்றது குரல். போனை வைத்ததும் அவர் என்னைப் பார்த்தார். “கேட்டீங்களா? ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சு வாங்குது. தண்ணி ஏறிடுச்சு.” உடனே டாக்டரிடம் ஓடினார். டாக்டர் பேசிப் பார்த்தார். பெரியவர் டாக்டரிடம் மிகவும் மரியாதையாகப் பேசி, மிகவும் மரியாதையாக மறுத்துவிட்டார். மகளிடம் போனைத் தரச் சொன்னதற்கு, குழந்தைகளுக்கு உடுப்பு மாற்றுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரேடியோ காலிப் படுக்கையருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போனை எடுத்து ஏதோ தட்டச்சு செய்தார். எட்டிப் பார்ப்பது தப்புதான். நான் எட்டிப் பார்த்தேன். ‘இண்று 1945ல் முதல் சிருநீரகம் பொருத்தினார்கள்’ என்றிருந்தது. நான் பதறிப்போய், “ஐம்பத்து நான்கு என்றுதானே ஊசி போடும்போது சொன்னீர்கள்? இரண்டு எழுத்துப் பிழை வேறு இருக்கிறது” என்றேன்.

“அப்படியா? போயிடுச்சே” என்றார்.

போன் உடனே அடித்தது. “என்னம்மா... எழுதியிருக்கே? தமிழா... இது? அது அம்பத்து நாலும்மா! நான் அச்சுல... பாத்திருக்கேன்.”

“இல்லங்க ஐயா, நாப்பத்தஞ்சுதான்” என்று பேசிக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகைக்குப் போனார் ரேடியோ. தினமும் படுக்கை எண்கள் மட்டும் எழுதப்படும் பலகை அது. அதன் நடுவில் அதே வாக்கியத்தை அதே பிழைகளோடு, தூரத்திலிருந்து படிக்கும்படி பெரிதாக எழுதினார். “பலகைலயும் எழுதிட்டேன். எல்லாரும் படிச்சுக்கிட்டு இருக்காங்க.”

“அழி! மொதல்ல... அத அழி!”

“எனக்குக் கை வேலையா இருக்கு ஐயா. தப்புன்னா நீங்களே வந்து அழிங்க.”

லாரி டிரைவர் தன் படுக்கையிலிருந்து உரக்கக் கத்தினார்: “ஆமாய்யா, நாப்பத்தஞ்சுதான்! எங்க தாத்தா சொல்லியிருக்காரு!” என் அண்ணன் சிரித்த சிரிப்பில் அவனுடைய மெஷின் கூவத் தொடங்கியது. ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை. துண்டிக்கப்பட்ட போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே போய், கீழே வாகனங்கள் வரும் பாதையைப் பார்த்தபடி நின்றார். ஒரு கார் வந்தது. வேறு யாரோ இறங்கினார்கள். இன்னொன்று வந்தது. அதுவும் இல்லை.

பெரியவர் வந்தபோது முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பூப்போட்ட கடற்கரைச் சட்டை. ஒரு பக்கம் மகள் தாங்கிப் பிடித்திருந்தாள். “காருக்கு வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல உக்காந்துட்டாருங்க. இவ்ளோ முடியலன்னு எங்கிட்ட சொல்லவே இல்ல” என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு. பெரியவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பலகைக்குப் போய்க் கையை நீட்டினார். ரேடியோ காதோரப் பேனாவைக் கொடுக்காமல், பலகைப் பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பெரியவர் ‘ண்’ணைச் சுழித்து ‘ன்’ போட்டார். ‘ரு’வை வெட்டி ‘று’ எழுதினார். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே வளைந்து நெளிந்து ஒரு கோடு இழுத்தார். அச்சகத்தில் இடம் மாற்று என்பதற்கு அதுதான் குறி. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். அதற்குள் அவருக்குக் கால்கள் துவண்டன. சக்கர நாற்காலி ஏற்கெனவே அவர் பின்னால் வந்து நின்றிருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. மூக்கில் ஆக்ஸிஜன், டாக்டரின் வருகை, எடை, ஊசிகள். இந்த முறை ஊசி போடும்போது ரேடியோ எந்தச் சங்கதியும் சொல்லவில்லை. பெரியவர்தான் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: “யாரைம்மா கல்யாணம் பண்ணிக்கிட்டான், அந்த எரட்டையன்?” டிரைவர் அதற்குள் காதில் போட்டிருக்க வேண்டும்.

“வெள்ளிக்கிழமை, ஐயா” என்றார் ரேடியோ.

மாலை வெயில் கூடத்தின் தரையில் விழுந்தபோது பெரியவருக்கு மூச்சு சீராகி, முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. மகள் நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அண்ணனுக்குச் செருப்பை மாட்டிவிட்டுக் கிளம்பும்போது நான் ரேடியோவிடம் கேட்டேன்: “வேண்டுமென்றேதானே தப்பாக எழுதினீர்கள்?” அவர் பஞ்சை மடித்துக்கொண்டே, “கண்ணாடி மாத்தணும். பவர் ஏறிடுச்சு போல” என்றார்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் பெரியவரின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினார். வீங்கியிருந்த கணுக்காலில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தி எடுத்தார். உள்ளே இன்னும் வெளியேறாத நீரால் அந்த இடத்தில் விழுந்த குழி மெதுவாக நிரம்பி மேலே வரும்வரை, குனிந்தபடி, கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.