டிம்ப்னா தேர்ந்தெடுத்த பள்ளிக்கூடம்

டிம்ப்னா மெக்கட்டீருக்குக் கோபம் வந்தால் எங்கள் தெருவில் ஆம்பிளைகள்கூட எதிர்ப்பக்கமாகப் போய்விடுவார்கள். பெல்ஃபாஸ்டில் பிறந்தவளுக்குக் கோபம் வருவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அவள் கோபத்துக்கு எப்போதும் ஒரே காரணம்தான். எவனாவது ஒரு பிள்ளையை அடிப்பதை அவள் கண்ணால் பார்த்துவிடக் கூடாது. பட்டாளத்துக்காரன் அடித்தாலும் சரி, பாதிரியார் அடித்தாலும் சரி, பெற்ற தகப்பனே அடித்தாலும் சரி, நடுவில் போய் நின்றுவிடுவாள். கல்லெறிந்த பொடியன் ஒருவனைத் துப்பாக்கிக் கட்டையால் இடித்த பிரிட்டிஷ் சிப்பாயின் மணிக்கட்டை ஒரு தடவை ரத்தம் வரக் கடித்துவிட்டாள். பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். போகிற வழியெல்லாம் அவர்களுடைய தாய் தகப்பனை இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டே போனாள்.

எல்லாம் தம்பி யூனனால் வந்தது. எங்கள் பேட்டையிலேயே ஆண்பிள்ளைகளுக்கென்று ஒரு கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிக்கூடம் உண்டு. சம்பளம் கொடுப்பது அரசாங்கம், நடத்துவது சபை. அங்கே வாத்தியார்கள் அங்கிக்குள்ளே தோல்வார் வைத்திருப்பார்கள். சும்மா தோல் இல்லை, அடுக்கடுக்காக வைத்துத் தைத்த கெட்டி வார். கணக்கு வாத்தியார் ஒருநாள் யூனனின் உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருந்தவர், அவன் கையை இழுத்துக்கொண்டான் என்று காதோடு சேர்த்து வீசிவிட்டார். காதிலிருந்து ரத்தம் வந்தது. அந்தக் காது அத்தோடு போயிற்று. அவர்கள் அம்மா மறுநாள் பள்ளிக்கூடம் போய் வாத்தியாரிடம், என் பையனால் உங்களுக்குச் சிரமம் வந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அப்போதெல்லாம் அப்படித்தான், சபைக்காரரை எதிர்த்துப் பேசினால் ஊர் காறித் துப்பும். டிம்ப்னா அப்போது பாவாடை போட்ட பெண். அரைச் செங்கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வாத்தியார் வீட்டுக் கண்ணாடியை உடைத்தாள். அதற்கு அம்மாவிடம் வாங்கிய உதை தனி.

பிறகு கோட்டுத் தைக்கிற ஆலையில் வேலைக்குப் போனாள். ரொட்டி வண்டி ஓட்டுகிற மலாக்கியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கியவன் ரோரி. ஒற்றைப் பிள்ளை. ஒல்லிக்குச்சி, நல்ல படிப்பு, யாரையும் ஏறிட்டுப் பேச மாட்டான். அவனுக்குப் பதினொன்று முடிந்து மேல்நிலைப் பள்ளி பார்க்க வேண்டிய வயது வந்தபோது கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட்காரர்களுக்கும் சண்டை மூண்டு ஊர் எரிந்துகொண்டிருந்தது. தெருமுனையில் பேருந்தைக் கொளுத்திக் குறுக்கே போட்டிருப்பார்கள், அதைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் பாலும் ரொட்டியும் வாங்கப் போவார்கள்.

மலாக்கிக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடமே போதும் என்றான்.

“நான் படிச்சதும் அங்கதான். செத்தா போயிட்டேன்?”

“சட்டையைக் கழட்டி முதுகைத் திருப்பு. அப்புறம் பேசு,” என்றாள் டிம்ப்னா. மலாக்கி தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வார் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அந்தப் பள்ளிக்கூட வாசலில் சாயங்காலம் நம் பக்கத்து ஆயுதக் குழுக்காரர்கள் இரண்டு பேர் சுவரில் சாய்ந்து நின்று சிகரெட் பிடிப்பார்கள். நல்ல உயரமும் தைரியமும் உள்ள பையனாகப் பார்த்து இன்றைக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவார்கள், அடுத்த வருஷம் துப்பாக்கி கொடுப்பார்கள். டிம்ப்னாவின் தெருவிலேயே அப்படிப் போன ஒருவனைச் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். என் பிள்ளையை இவன்களுக்கா பெற்றேன் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

இன்னொரு பள்ளி இருந்தது, நகரத்துக்கு மறுபக்கம், மேட்டின்மேல். அதுவும் அரசாங்கச் சம்பளத்தில் நடக்கிற கத்தோலிக்க ஆண்கள் பள்ளிதான். பச்சை பிளேசர் போட்ட பையன்கள், ஆய்வுக்கூடம், பெரிய மைதானம். அதன் தலைமையாசிரியர் பதவிக்கு வந்த அன்றே தோல்வார்களையெல்லாம் வாங்கி வெந்நீர்க் கொதிகலனில் போட்டு எரித்தவர் என்று பேச்சு. டிம்ப்னா ஆலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு நேரே போய் அவரையே கேட்டாள், இங்கே பிள்ளைகளை அடிப்பீர்களா என்று. அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்.

“இந்தப் பிளேசர் போட்ட எவனும் அடி வாங்கவும் மாட்டான், அடிக்கவும் மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு.”

அந்த வார்த்தையிலேயே அவள் விழுந்துவிட்டாள். பாவம், வேறென்ன செய்வாள்? இத்தனை வருஷமாக ஒருவர்கூட அவளிடம் அப்படிச் சொன்னதில்லையே.

சிக்கல் பாதையில் இருந்தது. மேட்டுப் பள்ளிக்குப் போகிற பேருந்து எங்கள் பேட்டையை விட்டால் நேரே புராட்டஸ்டன்ட் சாலைக்குள் நுழையும். நடைபாதைக் கல்லெல்லாம் பிரிட்டிஷ் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம். அந்தச் சாலையில் பச்சை பிளேசர் ஏறி உட்கார்ந்திருந்தால் கத்தோலிக்கன் என்று நெற்றியில் எழுதி ஒட்டின மாதிரி. போன வருஷம் மேட்டுப் பள்ளிப் பையன் ஒருவனைப் பேருந்திலிருந்து முடியைப் பிடித்து இறக்கி, முகத்தை நடைபாதை விளிம்பில் வைத்து மிதித்தார்கள். முன்பல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆலையில் டிம்ப்னாவுக்குப் பக்கத்து மிஷினில் ஹேசல் என்று ஒருத்தி. புராட்டஸ்டன்ட் சாலையில்தான் வீடு. ஜூலை பன்னிரண்டு, புராட்டஸ்டன்ட்காரர்களின் வெற்றி ஊர்வலத்தன்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள், மற்ற நாளெல்லாம் ஒரே டப்பாவிலிருந்து பிஸ்கட் தின்பார்கள். அவளிடம் டிம்ப்னா, உன் மகன் போட்டுக் கழித்த பழைய பள்ளிக் கோட்டு இருக்கிறதா என்று கேட்டாள். எதற்கு என்று ஹேசல் கேட்கவில்லை. மறுநாள் பையில் சுருட்டிக் கொண்டுவந்து மிஷினுக்கடியில் தள்ளினாள். சாம்பல் நிறக் கோட்டு, மார்பில் புராட்டஸ்டன்ட் பள்ளியின் சிவப்புச் சின்னம். டிம்ப்னா கையைக் கொஞ்சம் குட்டையாக்கித் தைத்தாள். எங்கள் பேட்டையின் கடைசி நிறுத்தத்தில் ரோரி சந்துக்குள் நின்று பிளேசருக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும், மேட்டில் இறங்கியதும் கழற்றிப் பையில் வைத்துவிட வேண்டும். திரும்பும்போதும் அதே.

கோட்டு மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். எங்கள் ஊரில் சந்தேகம் வந்தால் எந்தப் பக்கத்துக்காரனும் கேட்பது ஒரே கேள்விதான், ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லு. கத்தோலிக்கருக்கு மட்டுமே பழக்கமான ஜெபம் அது. தெரிந்தால் அவர்கள் அடிப்பார்கள், தெரியாவிட்டால் நம்மவர்கள் அடிப்பார்கள். டிம்ப்னா சமையலறை மேசையில் ரோரியை உட்கார வைத்து நாள்தோறும் பழக்கினாள். அவன் காலரைப் பிடித்து உலுக்குவாள், காதருகே கத்துவாள், மரியே ஜெபம் சொல்லுடா என்பாள். எனக்குத் தெரியாது என்று அவன் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து படுக்கும்போது சொல்லும் ஜெபம், வாய் தானாக ஓடாதா? ஒருநாள் அவன் பயத்தில் “அருள் நிறைந்த” என்று தொடங்கிவிட்டான். பளாரென்று கன்னத்தில் அறைந்தாள். அதுவரைக்கும் அவள் கை அவன்மேல் விழுந்ததே கிடையாது.

“செத்துருவடா. அந்த ஒரு வார்த்தைக்கே உன்னைக் கொன்னுருவாங்க. யாரு கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், எவ்வளவு அடிச்சாலும் தெரியாதுன்னுதான் சொல்லணும். சொல்லு.”

“தெரியாது,” என்றான் ரோரி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. அதற்குப் பிறகு அவன் தவறவே இல்லை.

செப்டம்பர், அக்டோபர் நல்லபடியாகப் போயிற்று. கோட்டைப் பார்த்து ஒரு கிழவி பேருந்தில் அவனுக்கு மிட்டாய்கூடக் கொடுத்தாளாம். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து சிரித்தார்கள்.

நவம்பரில் ஒரு சாயங்காலம் குண்டு மிரட்டல் வந்து பேருந்தையெல்லாம் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். ரோரி இறங்கி நடந்தான். புராட்டஸ்டன்ட் சாலை முழுக்க அந்தக் கோட்டோடு நடந்தான், ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. தெருவிளக்குகளைச் சுட்டு உடைத்திருந்தார்கள். பேருந்து சன்னலிலிருந்து பார்த்த தெருதான் அவனுக்குத் தெரியும், கால் நடையாகத் தெரியாது. எந்த இடத்தில் அவர்கள் பேட்டை முடிகிறது, எங்கே நம் பேட்டை தொடங்குகிறது என்று நடைபாதைக் கல்லைப் பார்த்துச் சொல்ல வெளிச்சம் இல்லை. கோட்டைக் கழற்றாமலே ஒரு காலி மனையைத் தாண்டினான். அங்கே ஐந்தாறு பேர் தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். நம் பையன்கள்தான்.

சின்னத்தைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் தீக்குச்சி கொளுத்தி மார்பருகே பிடித்தான். வழி தவறி வந்திருக்கிறான் பாரு என்று ஒருவன் சிரித்தான். கூட்டத்தில் மூத்தவன் மரியே ஜெபம் சொல்லச் சொன்னான். ரோரிக்கு அவர்கள் யார் என்று தெரியவில்லை. அம்மா சொல்லிக் கொடுத்ததுதான் தெரியும்.

“எனக்குத் தெரியாது.”

முதல் அடி வயிற்றில். கீழே விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி மறுபடியும் கேட்டார்கள். தெரியாது என்றான். வேலிக் கட்டையால் முழங்காலில் போட்டார்கள். மறுபடி கேட்டார்கள். வாயெல்லாம் ரத்தத்தோடு தெரியாது என்றான். கட்டை தாடையில் இறங்கியது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. பூட்ஸ் காலால் மாறி மாறி உதைத்தார்கள், கட்டையில் இருந்த ஆணி இடது கண்ணில் ஏறியது. கோட்டு கிழிந்து உள்ளே பச்சை தெரிந்தபோதுதான் ஒருவன் நிறுத்துங்கடா என்று கத்தினான். எல்லாரும் ஓடிப்போனார்கள். ஆம்புலன்சுக்குச் சொன்னவர்கள் எதிர்வீட்டுக்காரர்கள்.

கண்ணை எடுத்துவிட்டார்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள்.  நம்மவர்களே அடித்தார்கள் என்று கேள்விப்பட்டபோது டிம்ப்னா ஆஸ்பத்திரி நடைவழியில் நின்று சுவரில் தலையை முட்டிக்கொண்டாள், இரண்டு நர்சுகள் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கோட்டைப் பார்த்து அடித்தான்கள் என்று அவளுக்குப் புரிந்தது. ஹேசல் அந்த வாரம் முழுக்க வேலைக்கு வரவில்லை. அந்த அடியெல்லாம் தன் மகனுக்கு விழவேண்டிய அடி என்று அவளுக்கு மட்டும் தெரியாமலா இருக்கும்.

பேட்டையில் தீர்ப்புச் சொல்கிற ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள், பள்ளிக்கூட வாசலில் நிற்கிற அதே சிகரெட்காரர்கள். அடித்தவர்களில் மூத்தவன் யாரென்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். நம் பிள்ளையைத் தொட்டவனுக்கு இரண்டு முழங்காலிலும் குண்டு, அதுதான் முறை. நீங்கள் ஒரு வார்த்தை சரி என்றால் போதும், ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். மலாக்கி வேண்டாம் என்று கெஞ்சினான். டிம்ப்னா யோசிக்கவே இல்லை. ஞாயிறுவரை எதற்கு, இன்றைக்கே சுடுங்கள் என்று சொல்ல வாய் துடித்தது. பிள்ளைகளை அடிக்கிறவன் எவனாக இருந்தாலும் நடுவில் போய் நிற்பவள், இப்போது ஒரு பிள்ளையைச் சுடுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வாசலில் தட்டும் சத்தம். ஒரு பெண் நின்றாள், பக்கத்துப் பேட்டை, பெயர் அசம்ப்தா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மகனைச் சட்டையோடு பிடித்து முன்னால் தள்ளினாள். தலையைப் படிய வாரி, இருப்பதில் நல்ல உடுப்பாகப் போட்டுக் கூட்டி வந்திருந்தாள். பச்சை பிளேசர். மேட்டுப் பள்ளிச் சின்னம்.

டிம்ப்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பிளேசருக்காக நகரத்தையே குறுக்கே கடந்து பிள்ளையை அனுப்பினாளோ, அதே பிளேசர் அவள் வாசலில் கூனிக்குறுகி நிற்கிறது. மேல் வகுப்பில் படிக்கிற பையன் போலிருக்கிறது, மீசை அரும்பு விட்டிருந்தது.

“உங்க பிள்ளைன்னு சத்தியமா தெரியாதும்மா,” என்றாள் அசம்ப்தா. “தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டான். காலைச் சுட்டுட்டா இவன் என்ன ஆவான்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க.”

“அந்தப் பக்கத்துப் பிள்ளையா இருந்திருந்தா வந்திருப்பியா?” என்று கேட்டாள் டிம்ப்னா.

 பையன்தான் தலையைத் தூக்கினான். திமிராகப் பேசவில்லை, கெஞ்சவும் இல்லை. நடந்ததைச் சொன்னான்.

“நாங்க கேட்டோம். ஜெபம் சொல்லுடான்னு மறுபடி மறுபடி கேட்டோம். ஒரு வரி சொல்லியிருந்தா விட்டிருப்போம். அடிக்க அடிக்க தெரியாதுன்னே சொன்னான். ஏன் சொல்லலைன்னு எனக்கு இன்னிக்கும் புரியல.”

டிம்ப்னாவுக்குப் புரிந்தது.  அந்தப் பையனை அறைய ஓங்கியிருந்த கை அப்படியே நின்றது. 

“கூட்டிட்டுப் போ,” என்றாள் கடைசியில். “சுட வேண்டாம்னு நான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லு.”

பெரிய மனசு, பெரிய மனசு என்று அசம்ப்தா அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வந்தாள். டிம்ப்னா கையை உதறிக் கதவைச் சாத்தினாள். ஊரும் அதைப் பிற்பாடு மன்னிப்பு என்றுதான் பேசியது. பேசட்டும், ஊருக்கு என்ன தெரியும்.

சமையலறையில் ரோரி உட்கார்ந்திருந்தான். முந்தின நாள்தான் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். ஒரு கண்ணில் கட்டு, முன்னால் உறிஞ்சுகுழல் போட்ட சூப்பு. வாசலில் பேசினது அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கிறது. அம்மா உள்ளே வந்ததும் அவள் முகத்தையே பார்த்தான். கம்பி போட்ட வாயைத் திறக்க முடியாமல், பல்லுக்கிடையில் குழறிக் குழறிக் கேட்டான்.

“நீ சொன்ன மாதிரிதானேம்மா சொன்னேன்? சரியாத்தானே சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னே, ராசா,” என்றாள் டிம்ப்னா. பிறகு அவன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.