நிறுக்கப்படாத மையம்

1. தராசு

வளாகத்தில் கணினி ஒன்றுதான். எங்கள் முறை வருவதற்குள் கல்வித் தவணை முடிந்துவிடும். ஆகவே பௌதிகத் துறையில் நாங்கள் விண்மீன்மண்டலங்களைக் கத்தரிக்கோலால் வெட்டினோம்.

வரைபடத்தை வெளிநாட்டு வானியல் அவதான நிலையமொன்று அனுப்பியிருந்தது. நடுவே பட்டை கொண்ட சுருள் மண்டலமொன்றில் மூலக்கூற்று வாயு எங்கே கிடக்கிறது என்பதைக் காபனோரொட்சைட்டின் ரேடியோ அலைகள் காட்டின. சம செறிவைக் காட்டும் கொன்டூர் கோடுகளின் வழியே வெட்டி, துண்டுகளை நிறுத்து, எடையிலிருந்து பரப்பைக் கண்டு, செறிவால் பெருக்கினால் வாயுவின் அளவு வரும். மொத்தம் பன்னிரண்டு துண்டுகள்.

இரசாயன ஆய்வுகூடப் பொறுப்பாளர் கெலிஓயாக்காரர் நசீர் தராசுப் பெட்டியைத் திறந்துவிட்டுச் சொல்வார்: "கடதாசி நிறுத்தது போதும் சேர். நாளைக்கு அரைக்கிலோ போஞ்சி கொண்டு வாங்க, அதையும் நிறுத்துத் தாறேன்."

2. மழை

செல்வி பன்வில தேயிலைத் தோட்டத்துப் பெண், என் மாணவி. அவளுடைய முதுமாணிப் பட்டம் ஒரே கேள்வியில் தங்கியிருந்தது: பட்டை வழியே உள்ளே வழியும் வாயுவில் எவ்வளவு மையத்தில் குவிகிறது? பதினொரு துண்டுகளை நிறுத்து முடித்திருந்தோம். மையம் மட்டும் மிச்சம். அப்போது மழை பிடித்துக்கொண்டது. கடதாசி ஈரம் குடித்தால் இல்லாத வாயு கணக்கில் ஏறும். ஆய்வுகூட அடுப்போ பழுது.

"இன்னைக்கி வேணாங்க சேர், இந்த நடுத்துண்ட நான் வீட்டுக்குக் கொண்டு போறேன். அப்பா தேயில ஸ்டோருலதான் வேல செய்றாரு. தேயில காயவைக்கிற ட்ரையர் பக்கத்துல வச்சா முறுகிரும். பிஸ்கட் டின்னுல அடைச்சு, மெழுகு ஒட்டிக் கொண்டாந்துர்றேன்."

"கருகினா என்ன செய்யிறது பிள்ளை? இருக்கிறது ஒண்டுதான்."

"தேயிலையே கருகல, இது கருகிருமா சேர்?"

"ஓம், ஓம். அடுத்த கிழமை கட்டாயம் கொண்டு வா."

3. பிறகு

அடுத்த கிழமை இனக்கலவரம் வெடித்தது; கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. குண்டசாலை வீட்டிலிருந்து என்னையும் மனைவியையும் நசீர் தம் வான் வண்டியில் ஏற்றிப்போய்த் தம் வீட்டில் ஒளித்து வைத்தார். வளாகத்துக்குத் திரும்பியபோது தராசு இருந்தது. கண்ணாடிச் சாடிக்குள் பதினொரு துண்டுகளும் இருந்தன. செல்வி வரவில்லை.

நசீர் பன்வில போய் விசாரித்தார்.

"அவங்க குடியிருந்த லயம் எரிஞ்சி போச்சி சேர். வவுனியாக்குப் போய்ட்டாங்க எண்டு சிலர் சொல்றாங்க, இந்தியாக்கு எண்டு சிலர். ஒருத்தருக்கும் சரியாத் தெரியல்ல."

"டின்?"

அவர் என்னையே பார்த்தார். "புள்ள உசிரோட ஈக்கா எண்டு கேளுங்க சேர்."

பிறகு போர் மூண்டது. செல்வியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அவதான நிலையம் இன்னொரு வரைபடம் அனுப்பியது. மையத்தை வெட்டி நிறுத்தேன். கடதாசியின் தடிப்பு வேறு. பழைய பதினொன்றோடு சேரவில்லை. பன்னிரண்டையும் புதிதாக வெட்டியிருக்கலாம். யாருடைய பட்டத்துக்கு?

இத்துறைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மழையென்றாலும் மையத்தை முதலில் தராசில் வையுங்கள். ஈரத்தைக் கணக்கில் கழிக்கலாம். நாங்களோ அது காயட்டும் என்று காத்திருந்தோம்.